பூஞ்சை

நாகலூரிலிருந்து இருபது கொண்டை ஊசி இறங்கி
பால் கவருக்குள் சுற்றிக் கொண்டுவந்தார் அருளப்பன்.
விரிசல் விட்ட கண்ணாடியோடு ஒட்டிப்போன படம்.
பிரித்தால் முகங்கள் கண்ணாடிக்குப் போய்விடும்.
அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்தேன்.

காப்பிச் செடிகளுக்கு நடுவே அவர் அம்மா, அப்பா.
மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாய்.
மலை ஈரம், வேறென்ன.
மூன்று இரவு,
ஐந்து ரோட்டில் பஸ் சத்தம் அடங்கும்வரை
புள்ளி புள்ளியாய்த் துடைத்தேன்.
தலைமுடி கறுத்தது, இலை கறுத்தது,
எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அருளப்பன் திரையைப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
"பூவெல்லாம் எங்கே போச்சு மேடம்?"

பூமழை பெய்து ஒன்பதாம் நாள் எடுத்ததாம்.
தோட்டம் முழுக்க வெடித்திருந்ததாம்.
ஒரு செடியை உலுக்கிவிட்டுத்தான்
அம்மா வந்து நின்றாளாம்.

அழித்ததையெல்லாம் திரும்ப வரவழைத்தேன்,
ஒவ்வொன்றிலும் விரல் வைத்து:
இது? பூ.
இது? பூ.
தோளில் இது? பூதான்.
அப்பாவின் இடது கண்மேல், இது?

கொஞ்சம் யோசித்தார்.
"அதுவும் இருக்கட்டும்."

விரிசலை எடுத்ததற்கு மட்டும்
காசு வாங்கினேன்.