சாவி இல்லை

நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில்
ஷிபின் எழுதிக்கொண்டான்.
வண்டி, மாருதி. நிறம், நீலம் என்று நான் சொன்னதால் நீலம்.
ஓட்டம் இல்லை.
சாவி?

தாசையனோடு போயிற்று என்றேன்.
"சார் எங்க போயிருக்கு?"
கல்லறைக்கு.

முந்தின வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப்போன கோட்டையே
அவசரத்தில் மாட்டிவிட்டார்கள் மச்சினன்மார்.
உள்பையை யாரும் தடவிப் பார்க்கவில்லை.
பெட்டியை இறக்கும்போது ஏதோ கிலுங்கியது.
ஜெபமாலை என்று நினைத்தேன்.

ஆர்.சி. புத்தகம்?
அலமாரியில் இல்லை. பைபிளுக்குள் இல்லை.
ரப்பர் ஷீட் விற்ற சீட்டுகள் பதினாலு வருஷத்துக்கு இருந்தன.
அவர் பத்திரப்படுத்துகிறவர்தான்,
எதை எங்கே என்பதில்தான்.

நாலு இடவப்பாதி, நாலு துலாமழை
அப்படியே நின்று நனைந்தது.
சக்கரத்தில் நல்லமிளகுக் கொடி ஏறிவிட்டது.
பின்சீட்டில் பூனை ஈன்றது, இரண்டு தடவை.
எந்த வழியாய்ப் போனதோ,
அதனிடம் யாரும் சாவி கேட்கவில்லை.

சும்மா கொடுப்பதற்கா இத்தனை காகிதம்!
மார்த்தாண்டத்தில் சொன்னார்கள்,
"கேரளா வண்டி, அங்க போங்க."
அங்கே சொன்னார்கள்,
"வண்டி நிக்குந்தது தமிழ்நாட்டிலல்லே?"
மூன்றாம் நடையில் ஒரு கிளார்க் மனமிரங்கி
கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான்.
உடைமையாளர்: வல்சலா, பாறசாலை.

"ஆராக்கும்?" என்றான் ஷிபின்.
தெரிஞ்சவங்க என்றேன்.
பதினொரு வருஷமாய்த் தெரியாதது போலத்
தெரிந்தவள்.

களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு
உட்கார இடம் தேடுமுன் இறங்கவேண்டியிருக்கும்.
சோதனைச்சாவடியில் கோழி லாரிகளை நிறுத்தியிருந்தார்கள்.
நான் என்ன கொண்டுபோகிறேன் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

கையில் மீன்செதிலோடு வந்தாள்.
நான் யாரென்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட வேண்டுமென்றதும்
உள்ளே போய் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்தாள்.
புத்தகம் எங்கே என்றேன்.
"சிதல் தின்னு."
சிதலுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே பேர்.

தொலைந்துபோனது என்று முத்திரைத்தாளில் எழுதினோம்.
யார் வசமிருந்து தொலைந்தது என்ற இடத்தில்
பேனா நின்றது.
அவள் வாங்கித் தன் பெயரை எழுதினாள்.
எனக்கு ஏனோ கோபம் வந்தது, அப்போதுதான், முதல்தடவையாய்.

பிறகு அவளாகவே
ஃப்ரிட்ஜின் மேலிருந்த குப்பியை எடுத்தாள்.
ஊக்கு, சட்டைப் பொத்தான், ஒரு சாவி.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
திரும்பக் குப்பிக்குள் போட்டு மூடினாள்.
நான் வாய்திறக்கவில்லை.
சாவி இல்லை என்று ஷிபின்
முதலிலேயே எழுதியாயிற்று.

சனிக்கிழமை லாரியும் சங்கிலியும் வந்தன.
ஒரு பையன் குடைக்கம்பியை ஜன்னலில் விட்டுத்
தும்மல் போடும் நேரத்தில் கதவைத் திறந்தான்.
பூனைக்குட்டிகளைச் சருவத்தில் மாற்றினோம்.
டேஷ்போர்டில் ஜெலுசில், ஒரு டார்ச்,
பல் அகன்ற சீப்பு ஒன்று.
என்னுடையது அல்ல.
அவளுடையதும் இராது, அவளுக்குச் சுருட்டை முடி.
"எடுத்து வைக்கட்டா?" என்றான் பையன்.
வண்டியோடே போகட்டும்.

"இரும்புவிலைக்குப் போனா,
எழும்ப முடியாதவங்களுக்கு மூணு காத்துமெத்தை வரும்,"
என்று சொல்லி ஷிபின் லாரியில் ஏறினான்.
தாசையன் நினைவாக என்று போடட்டுமா என்றான்.
வேண்டாம்.
நீல மாருதி என்று போடு.

அன்று ராத்திரி தாய்ப்பூனை
சருவத்தைச் சீந்தவில்லை.
நாலு வருஷம் மழை விழாத அந்தக் காய்ந்த மண்ணில்
குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு வந்து கிடத்தியது.
மழை தூறிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ரசீது வந்தது.
மெத்தை மூன்றல்ல, இரண்டு.
மிச்சம் லாரிக்கூலி.
ஒரு நகலெடுத்துப் பாறசாலைக்கு அனுப்பினேன்.
கூடக் கடிதம் எதுவும் வைக்கவில்லை.