இருபத்தொரு அலகு

திராய்மடுவில் மீட்டர் வாசிப்பவன் நான்.
ஒரே அச்சில் வார்த்த வீடுகள்,
எல்லாவற்றிலும் வலப்பக்கச் சுவரில் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் ஒரு தட்டு சுழலும்.
நாய்களுக்கு என்னைத் தெரியும்.
நாவலடியில் யாருடைய வீடு எங்கே நின்றதென்று
எனக்கும் தெரியும். கேட்பதில்லை.
எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுவேன்.

நூற்றுப் பதினெட்டாம் இலக்கம், கோமளேஸ்வரி:
இருபத்தொன்று.
மறுமாதமும் இருபத்தொன்று.
மாசி, பங்குனி, கச்சான் காற்று மணலை வாரி
மீட்டர்க் கண்ணாடியில் அறைந்த ஆனி,
இருபத்தொன்று, இருபத்தொன்று.
கணக்குத் தெரிந்தவனுக்கு விளங்கும்:
அறுபது வாட் பல்பு ஒன்று,
பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரை.
மின்விசிறி இல்லை, ரேடியோ இல்லை.
ஒரு பெண் விழித்திருக்க
மாதம் இருபத்தொரு அலகு.

பக்கத்து வளவில் குணரெத்தினம்
தவணைக்கு ப்ரிட்ஜ் வாங்கினார்.
பிளக்கைச் செருகவில்லை.
காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்,
மூன்று பேரின் மரணச் சான்றிதழ், எல்லாம் அதற்குள்.
"மிதக்கும் தம்பி" என்றார். "கண்ணால கண்டன்."
நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்,
பிறகு இரண்டு பேரும் மீட்டரைப் பார்த்தோம்.

கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், கையில் படிவம்:
அழும் முகத்திலிருந்து சிரிக்கும் முகம் வரை
ஐந்து வட்டங்கள்.
இதில் நீங்கள் எது என்று கேட்டாளாம்.
கோமளேஸ்வரி ஐந்துக்கும் புள்ளடி போட்டுக் கொடுத்தாளாம்.

ஒரு சித்திரை, பின்னேரம், மறுபடி எச்சரிக்கை.
கடல் கண்ணுக்கெட்டாத இடத்திலிருந்தும் ஓடினார்கள்.
அலை வரவில்லை.
அந்த மாதம் நூற்றுப் பதினெட்டில் நாற்பத்திரண்டு.
இரண்டாவது பல்பு, குசினியில்.
மீட்டர் பின்னுக்கு ஓடாது, அது இரும்பு.
மனிசர் ஓடுவார்கள்,
ஓடி, ஏழு வருடத்துக்கு முந்திய வாசலில் போய் நிற்பார்கள்.
திரும்ப இருபத்தொன்றுக்கு வர
அவளுக்கு அடுத்த மழையும் முடிய வேண்டியிருந்தது.

அதற்கடுத்த வருடமோ என்னவோ
குணரெத்தினத்தின் கேற்றில் ஒரு மட்டைத்துண்டு தொங்கியது:
ஐஸ் பக்கட் உண்டு.
எண்பத்தாறு அலகு!
பில்லைப் பார்த்து மின்சார சபையின் பரம்பரையையே ஏசினார்.
அவர் வாய்திறந்து ஏசி அன்றைக்குத்தான் கேட்டேன்.
காகிதமெல்லாம் எங்கே என்றேன்.
"அலுமாரியில" என்றார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"மேல் தட்டில."

இந்த ஐப்பசியில் நூற்றுப் பதினெட்டில்
இரண்டு.
எழுதியதை வெட்டிவிட்டுத் திரும்பக் கழித்தேன். இரண்டு.
தட்டு அசையவில்லை.
என் தொழிலில், எண் திடீரென்று விழுந்தால்
ஆள் ஊரில் இல்லை, அல்லது
அந்த அல்லதோடுதான் கதவைத் தட்டினேன்.

வந்தாள், கையெல்லாம் தேங்காய்ப்பூ.
"பல்பு போயித்து மனே. மாத்த மறந்து போனன்.
ரெண்டு மூணு நாள் பயந்து பயந்து படுத்தன்.
பிறகு பாத்தா, விடிஞ்சிரிக்கு."
சொல்லிவிட்டு,
களவெடுத்துப் பிடிபட்டவள் போல நிலத்தைப் பார்த்தாள்.
"நான் இப்படி நித்திரை கொண்டா
அதுகள் கோவிக்குங்களா?"

எனக்குத் தெரியவில்லை.
இரண்டு என்று எழுதித் துண்டை நீட்டினேன்.

என் வீட்டு மீட்டரை வேறொருவன் வாசிக்கிறான்.
இராமுழுக்கச் சத்தமில்லாமல் ஓடும் டீவியைப் பற்றி
அவனும் கேட்பதில்லை.
அன்றிரவு அதை நிறுத்தினேன்.
தவளைகள். கொழும்பு ரயில் போகும் சத்தம்.
பிறகு ஒரு சின்னக் காலடி,
இல்லை, தண்ணீர்த் தாங்கி சொட்டியது.
பத்து நிமிடம் இருந்திருப்பேன்.
எழும்பிப் போட்டேன்.
போட்டுவிட்டு, அதன் முகத்தை மட்டும்
சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.