பார்க் ரைனியில் சாளை வந்த காலை

ஜூலைக் குளிர். காற்றில் கரும்புத் தோகை எரிந்த வாசம்.
கரை முழுக்க ஜனம்,
தூக்கிய ஒவ்வொரு கையிலும் ஒரு சின்னக் கடல்.
பெரிய கடலுக்குப் பலர் முதுகு காட்டி நின்றார்கள்,
முகமும் மீனும் ஒரே படத்தில் விழ வேண்டுமே.

என் பையில் முந்நூறு கைப்பிரதிகள்,
பாஸ்டர் தெய்வசகாயம் எண்ணிக் கொடுத்தவை.
ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ்.
தமிழை வாசிக்க உம்சிந்தோவில் இப்போது
என்னோடு ஒன்பது பேர் இருக்கலாம்,
அதில் இரண்டு பேருக்குக் கண்புரை.

"ஒரு நிமிஷம்" என்று தொடங்குவேன்.
கட்டைவிரல்கள் என்னையும் சேர்த்து
மேலே தள்ளிவிடும்.
விடிந்ததிலிருந்து ஒரு தாள்கூடப் போகவில்லை.
குறை சொல்ல எனக்கு வாயில்லை:
அன்று ஜெபத்தில் முழங்காலிட்டபடியே
மூன்று முறை மணி பார்க்க எடுத்தேன்,
மூன்று முறையும் மணியைத் தவிர
எல்லாம் பார்த்தேன்.

அப்போதுதான் பூவேந்திரனின் வலை கனத்தது.
மார்பளவு நுரையில் நின்று கத்தினான்,
முதலில் ஜூலுவில், பிறகு ஆங்கிலத்தில்,
கடைசியில், கோபத்துக்கென்று
வீட்டில் மிச்சம் வைத்திருந்த தமிழில்:
"படம் போதும், கயித்தப் பிடிங்கடா!"

போனைச் செருப்புக்குள் வைத்தேன்.
பையை மணலில் போட்டேன்,
ஓர் அலை வந்து அதை முகர்ந்து பார்த்துப் போனது.
எனக்கு முன்னால் ஒரு ஜூலுப் பையன்.
பின்னால் சூப்பர்மார்க்கெட் சீருடையில் ஒருத்தி,
நெஞ்சில் பெயர் அட்டை: லோகி.

இழு.
நில். அலை போகட்டும்.
இழு.
கயிறு இரண்டு கையையும் கேட்டது.

இரண்டு அலைகளுக்கு நடுவே அவள் பேசினாள்,
என்னிடம் அல்ல, கயிற்றிடம்.
பாதி ஆங்கிலம், வலித்த இடங்களில் தமிழ்.
"என் மகன் பேசிப் பதினோரு நாளாச்சு.
கதவுக்குக் கீழ நீல வெளிச்சம் மட்டும் வருது.
வாசல்ல வச்ச தட்டு காலியாத் திரும்புது,
அத வச்சு உசிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கறேன்."

இதற்குப் பதில் இருந்தது என்னிடம்,
இரண்டாம் பத்தி, தடித்த எழுத்து.
நாக்கு நுனிவரை வந்தது.
அலையும் வந்தது. இழுத்தோம்.
அலை போனபோது பதிலும் போயிருந்தது.
"அவன் பேரென்ன?" என்று மட்டும் கேட்டேன்.
"தேஷன்" என்றாள்,
யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

பிறகு வெள்ளி.
மணலெல்லாம் துடிக்கிற வெள்ளி.
வாளி, தொப்பி, பாவாடை மடி
எல்லாம் ஓடி வந்தன.
இழுத்த கைகளுக்குப் பூவேந்திரன் பங்கு வைத்தான்.
லோகிக்குப் பன்னிரண்டு மீன்,
கட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.
பையைத் திறந்தேன். நான்கு தாள் போதுமாயிருந்தது.
ஈரத்தில் தமிழ் எழுத்துகள் செதிலில் ஒட்டி
இடவலம் மாறின.
மீன் நாறுகிறது என்பார் பாஸ்டர்.
முதன்முதலில் இதைச் சொல்லப் புறப்பட்டவர்கள்
வேறு என்ன நாறியிருப்பார்கள்?

"என்ன எழுதியிருக்கு இதுல?"
அவள் விரல் ஓர் எழுத்தைத் தடவியது.
எத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி,
இப்போது பார்த்து எனக்கு ஒன்றும் வரவில்லை.
"ராத்திரி முழுக்க வெறும் வலை இழுத்தவங்களுக்குக்
கரையில கரி மூட்டி மீன் சுட்டு வச்சுக்கிட்டு
ஒருத்தர் காத்திருந்தார்" என்றேன்.
"வந்ததும், சாப்பிடுங்கன்னார்."
"அப்புறம்?"
"அப்புறம்தான் மத்ததெல்லாம்."
"டாக்சி வர நேரமிருக்கு, சொல்லு."

சொன்னேன். முன்னும் பின்னுமாய்,
ஒரு பேரை மறந்து, ஒரு மலையைத் தவறவிட்டு.
நடுவில் செருப்புக்குள் மணி அடித்தது.
பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.
எடுக்கவில்லை.

இரவு பத்தரைக்கு அவளிடமிருந்து ஒரு படம்:
மூடிய கதவு, கீழே நீலக் கோடு,
அதற்கு இந்தப் பக்கம் தரையில்
பொரித்த சாளையோடு இரண்டு தட்டு.
அடியில் எழுதியிருந்தாள்:
'நானும் இங்கதான் சாப்பிடறேன்னு சொன்னேன்.
ம் னான்.'

அந்த ஓர் எழுத்தையே வாசித்துக்கொண்டிருந்தேன்.
கொல்லைக் கொடியில்
மீதி இருநூற்றுத் தொண்ணூற்றாறும்
சொட்டிக்கொண்டிருந்தன.