கொக்கி எண் 212

மாதத்தின் முதல் ஞாயிறு.
ரீகாவில், பிள்ளைகள் இல்லாத ஒரு பள்ளியின்
உடற்பயிற்சிக் கூடத்தில் மேசைகள் விரியும்.
ஜார் காலத்து வெள்ளி ரூபிள்காரர்கள் ஜன்னலோரம்,
வெளிச்சம் எப்போதும் அவர்களுக்கு.
நடுவில் பதக்கக்காரர்கள்,
செத்தவர்களின் வீரத்தைக் கிராம் கணக்கில் நிறுத்தபடி.
கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் நாங்கள்,
செல்லாக்காசுக் கும்பல்:
பால்புட்டி வில்லை, வெந்நீர்க் குளியல் வில்லை,
எந்த ஆலையின் மதியச் சூப்புக்கோ தந்த பித்தளை வட்டம்.

நான் சேர்ப்பது கோட்டு வில்லைகள் மட்டும்.
அரங்கில் நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் கொடுத்தால்
கையில் ஓர் எண் தருவார்களே, அது.
முன்னூற்று நாற்பது இருக்கிறது.
யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் விபரீதமான சேமிப்பு.
வில்லை என்னிடம் இருக்கிறது என்றால்
கோட்டு வீடு திரும்பவில்லை.

எல்லாம் இரட்டைப் பிறவிகள்.
ஒன்று கொக்கியில் தொங்கும்,
ஒன்று ஊர் சுற்றும்.

பதினோரு வருடம் முன் இல்கோனிஸ் வந்தார்,
லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர்.
மேசையில் வைத்தார்: மாலுமிகள் மன்றம், 212.
அலுமினியம். அச்சிலேயே இடது நகம் உடைந்த நங்கூரம்.
என் பையில் இருந்ததும் அதே 212, அதே உடைந்த நகம்.
இருபது யூரோ என்றேன்.
முப்பது தருகிறேன், உங்களுடையதைக் கொடுங்கள் என்றார்.
நாற்பது. ஐம்பது.
விற்க ஒருவருமில்லாத ஏலம்.

அதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்,
தேநீர் ஆறும் வரை.
பிறகு அவரவர் பைக்குள்.

இந்தப் பிப்ரவரியில் அவர் கேட்டுவிட்டார்.
எங்களுக்குள் கேட்கவே கூடாதது:
நதிமூலம், ரிஷிமூலம், வில்லைமூலம்.
"உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, வெல்கா?"

வாங்கவில்லை என்றேன்.
எண்பத்து மூன்று, நடன இரவு.
ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்,
பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள்.
அவ்வளவுதான். பின்வாசல் வழியே வெளியே வந்துவிட்டேன்.
கோட்டு உள்ளே. வில்லை உள்ளங்கையில்.
ட்ராம் காசும் கோட்டில்தான்.
பாலம் தாண்டி வீடு வரை நடந்தேன்,
கீழே தௌகவா உறைந்து கிடந்தது.
திரும்பிப் போய்க் கேட்க வெட்கம்,
அடுத்த வாரம் அதைவிட வெட்கம்.

அவர் தேநீரைத் தொடவில்லை.
"பச்சைக் கோட்டா?"
பச்சைதான்.
"இடது பையில் கிழிசல்?"

அவர் அம்மாவுக்கு அந்த மன்றத்தில் கோட்டு வாங்கி மாட்டும் வேலை.
ஒரு வருடம் கேட்பாரில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாமாம்.
அவருக்கு அப்போது ஏழு, எட்டு வயது.
அம்மா கோட்டின் ஓரத்தைத் தடவ
உள்துணிக்குள் ஏதோ கெட்டியாய் நழுவியிருக்கிறது.
விரலை விட்டு எடுத்தாராம், மூன்று கோபெக்.
செலவழிக்காமல் வைத்த முதல் காசு.
"அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது."

பர்சின் மடிப்பிலிருந்து எடுத்து
இரண்டு வில்லைகளுக்கும் நடுவில் வைத்தார்.
என் ட்ராம் கட்டணம்.

என்ன விலை என்றேன்.
தலையை ஆட்டினார்.
நானாக இருந்தாலும் விற்றிருக்க மாட்டேன்.

"அன்றைக்கு ரொம்பக் குளிரா?"
பதினெட்டு, பூஜ்யத்துக்குக் கீழே. உங்கள் அம்மாவுக்கு?
"இல்லை," என்றார்,
"ஆறு வருடம் அவளுக்குக் குளிரவே இல்லை."

காவலாளி விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டான்.
அவசரத்தில் வாரிச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம்.

வீட்டில் உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கிறேன்:
துளையின் மேல்விளிம்பில் ஆணி தேய்த்த பள்ளம்.
இது ஊர் சுற்றியது அல்ல,
கொக்கியில் தொங்கியது.

அவரும் இந்நேரம் பார்த்திருப்பார்.
தொலைபேசி அடிக்கவில்லை.
நானும் அடிப்பதாக இல்லை.