இடது கதவு

எழுபதாம் வருடத்து பிளிமத் டஸ்டர்.
பச்சை என்கிறது பதிவுத் தாள்.
கூரையில் மட்டும்தான் அது இன்னும் பச்சை.
பானெட்டை வெயில் நக்கி நக்கி
அடிப்பூச்சின் சாம்பல் வெளியே வந்துவிட்டது,
பழைய சட்டையின் முழங்கைபோல.
பின்சக்கர வளைவுகளில்
அயோவாவின் குளிர்கால உப்பு
தின்றது போக மிச்சம் இருக்கிறது.

நான் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்.
பகலெல்லாம் எதையாவது சரியாக்கிவிட்டு
மாலையில், சரியாக்கக் கூடாத ஒன்றின் பக்கத்தில்
ஸ்டூல் போட்டு உட்காருகிறேன்.
ஆயில் மாற்றுவேன். பிரேக் பார்ப்பேன்.
காற்று வடிகட்டியில் எலி சேர்த்து வைத்த சோளமணிகளை
அள்ளி வெளியே கொட்டுவேன்.
அதற்கு மேல் கை வைப்பதில்லை.

பின்சீட்டின் சுருள்கம்பிகளுக்குள்
ஆலைத் தாள் ஒன்று மடிந்து கிடந்தது:
எந்த எஞ்சின், எந்த நிறம், எந்தக் கண்ணாடி.
ஓரத்தில் யாரோ பென்சிலால்
கூட்டல் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
விடை தப்பு.
அதையும் திருத்தவில்லை.

சாவியைத் திருப்பியதும் எழுந்துவிடாது.
இரண்டு மிதி, கால் எடு, ஒரு மூச்சு பொறு.
பிறகு எட்டு சிலிண்டரும்
வாய்க்கு வந்ததைப் பேசத் தொடங்கும்.
எதிர்வீட்டு டார்லா ஜன்னலைச் சாத்துவாள்.
அவள் நாய் மட்டும் எழுந்து வரும்.

பெயின்ட் பட்டறை கெர்ட் ஹாஸ்கின்ஸ்
மாதம் ஒருமுறை கேட்கிறான்:
"ஆறு வாரம் கொடு. அதில் முகம் பார்த்து நீ சவரம் செய்யலாம்."
எங்கள் கூட்டத்தில் இதற்கென்று ஒரு பதில் உண்டு,
மனப்பாடமாக ஒப்பிப்போம்:
அசலாக இருக்க எதற்கும் ஒரே ஒரு தடவைதான்.
சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

ஆகஸ்டில், சந்தைத் திடலில் கண்காட்சி.
இரண்டு பக்கமும் மெழுகு மினுங்கும் வண்டிகள்.
நடுவில் என்னுடையது,
குளிக்காமல் கல்யாணத்துக்கு வந்தவன்.
எழுபத்தைந்து வயதிருக்கும் ஒருத்தி,
வெள்ளை கான்வாஸ் ஷூ, கையில் எலுமிச்சைச் சாறு,
நேராக இடது கதவுக்கு வந்தாள்.
முழங்காலுக்குச் சற்றுக் கீழே
அங்கே ஒரு பள்ளம், கிண்ணம் அளவு.
ஆலங்கட்டி, மாட்டுக் கொம்பு, கடைத் தள்ளுவண்டி என்று
வருகிறவர்களிடம் ஆளுக்கொரு கதை சொல்லி வந்தேன்.
சாற்றை என்னிடம் தந்தாள்.
கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
காலைத் தூக்கி
குதிகாலை அதில் வைத்தாள்.

பொருந்தியது.

"டெல்பர்ட்டின் வண்டி," என்றாள்.
"எழுபத்து நான்கு, நவம்பர்.
உள்ளே பூட்டிக்கொண்டு
ரேடியோ சத்தத்தைக் கூட்டினான்.
எனக்கு அப்போது ஆறு மாதம்.
ஒரே உதை.
அப்புறம் அக்கா வீட்டுக்கு நடந்தேன். ஒன்பது மைல்."
பெயர் ஆர்டித் என்றாள்.
டெல்பர்ட்டின் குடும்பப் பெயரை ஒட்டிச் சொல்லவில்லை.

"இதை இன்னுமா எடுக்கவில்லை?"

அசலாக இருக்க, என்று தொடங்கினேன்.
கியர் மாட்டாமல் நின்றுபோனது வாக்கியம்.

"எடுத்துவிடு," என்றாள்.
"ஐம்பது வருஷமாக அந்தப் பனியிலேயே
என்னை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்."
சாற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.
அதில் பனிக்கட்டி முழுவதும் கரைந்திருந்தது.

அன்று இரவு கதவின் உள்பலகையைக் கழற்றினேன்.
துளை வழியே டார்ச் அடித்தேன்.
வெளியே பள்ளம்.
உள்ளே, ஓட்டுகிறவன் பக்கம்,
அது ஒரு மேடு.
இத்தனை வருடம் அதற்கு ஒரு விரற்கடை தள்ளித்தான்
என் கால் இருந்திருக்கிறது.

ஆறாயிரத்து இருநூறு டாலர் கொடுத்தேன்.
உதையும் சேர்த்தா வாங்கினேன்?

ரப்பர் சுத்தியல் மடியில் கிடக்கிறது.
ஒரு தட்டுத் தட்டினால் தகரம் மறந்துவிடும்,
கெர்ட் சொல்வான்.
நாய் வந்து சக்கரத்தை முகர்ந்துவிட்டுப் போகிறது.

இது செப்டம்பர்.
திருகாணிகள் காபி டப்பாவில்.
பலகையை இன்னும் மாட்டவில்லை.
கேட்கிறவர்களிடம் ஆலங்கட்டி என்று சொல்வதில்லை.
வேறு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.