நாலு தசம் ஒன்று

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
கம்பி வலை போட்ட கவுண்டரில்
கையை மட்டும் நீட்டினேன்.
வளையலைப் பார்த்துவிட்டு
'பொம்பளைக்குக் குடுக்க ஏலாது, நங்கி' என்றான்.
காசுக்கு வளையல் கிடையாது.
அதை நான் சொல்லவில்லை.

பிறகு கொஞ்ச நாள்
ஆட்டோக்கார யேசுரட்ணம் வாங்கித் தந்தான்.
போத்தலுக்கு நூறு ரூபாய் கூலி,
ஒரு கண்சிமிட்டல் இலவசம்.
எப்போதும் ஸ்ட்ரோங்தான். எட்டுத் தசம் எட்டு.
'லேசானதுதானே கேட்டேன்?'
'கிட்டத்தட்ட அதே காசுக்கு
யாரு அக்கா பாதி வெறி வாங்குவா?'

அந்தக் கண்சிமிட்டலுக்காகத்தான் தொடங்கினேன்,
கொள்கை ஒன்றும் இல்லை.

குரக்கனை ஊறவைத்து, சாக்கில் முளைகட்டி,
கொழுந்து வாட்டுகிற கணக்கில் வாட்டினேன்.
பதினாறு வருடம் பெக்டரி மாடியில் நிற்கிறேன்,
போதும் என்று இலை சொல்வது
விரலுக்குக் கேட்கும்.
கித்துள் கருப்பட்டி அரைக் கிலோ.
ஈஸ்ட், பேக்கரி மன்சூரிடம், அப்பத்துக்கு என்று.
ஹொப்ஸுக்கு எங்கே போவது?
கசப்புக்கு ஒரு பிடி டஸ்ட் போட்டேன்.

தண்ணீர் இங்கே நூறுக்கு முன்பே கொதித்துவிடும்.
ஈஸ்ட்தான் குளிரில் எழும்ப மாட்டேன் என்றது.
எனக்கிருந்த ஒரே கம்பளியை
பிளாஸ்டிக் பீப்பாவுக்குப் போர்த்திவிட்டு
சால்வையில் சுருண்டேன்.
ஐந்தாம் இரவு
குழாய் முனையில்
ப்ளப்.
எழுந்து உட்கார்ந்தேன், அடுத்ததற்காக.

முதல் சுற்றில் மூன்று போத்தல் வெடித்தன,
விடியற்காலை இரண்டு மணிக்கு, வரிசையாக.
மண்சரிவு என்று பக்கத்துக் காம்பிரா
பிள்ளைகளை வாரிக்கொண்டு வெளியே ஓடியது.
மழையில் நின்று
'ஊறுகாய்' என்றேன்.
எல்லாருக்கும் மூக்கு இருந்தது.
ஒருவரும் அதைப் பாவிக்கவில்லை.

இரண்டாம் சுற்று.
கொழும்பிலிருந்து தருவித்த கண்ணாடி மிதவை
ஆயிரத்து நாற்பத்திரண்டில் நின்றது.
பத்தொன்பது நாள் கழித்து
ஆயிரத்துப் பதினொன்றில்.
கழித்துப் பெருக்கி, கலண்டரின் பின்பக்கத்தில்
நாலு தசம் ஒன்று என்று எழுதி
வட்டம் போட்டேன்.
சம்பளச் சீட்டில் எந்த எண்ணுக்கும்
நான் வட்டம் போட்டதில்லை.

போயா. கடை பூட்டு.
கதவடியில் யேசுரட்ணம், கையில் வெறும் கிளாஸ்.
'எத்தனை வீதம்?'
சொன்னேன்.
'தண்ணிதானே அது.'
நீட்டிய கிளாஸை மடக்கவில்லை.

முதல் கிளாஸில் பெற்றோல் விலை.
இரண்டாவதில் லீசிங்காரன்.
மூன்றாவதில்,
சின்ன மகளுக்கு இடது காது கேட்பதில்லை என்றான்,
இன்னும் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றான்.
எட்டுத் தசம் எட்டில்
இந்நேரம் பாடத் தொடங்கியிருப்பான்.

எழும்பி நேராக நின்றான்.
அது அவனுக்கே புதினமாக இருந்தது.
'எவ்வளவு?' பர்ஸைத் தொட்டான்.
'விக்கிறதில்ல.
ஸ்ட்ரோங் போத்தல் வெறுமையா இருந்தா
கழுவிக் கொண்டு வா.
அந்தக் கண்ணாடிதான் தடிப்பம்,
வெடிக்காது.'

கண் சிமிட்டாமல் தலையாட்டினான்.