கட்டத்துக்கு வெளியே

சனிக்கிழமை ஃபுட்டி. மல்லீ மண் நனைந்து கிடக்கிறது.
மைதானத்தைச் சுற்றி நிறுத்திய கார்கள்
கோலுக்கு மட்டும் ஹாரன் அடிக்கும்.

என் கையில் பென்சில், கட்டம் போட்ட தாள்:
உதை, பிடி, டேக்கிள்.
கடைசிக் கால்பகுதி. எங்களுக்கு நாலு புள்ளி முன்னிலை.
டெர்வின் மக்கில்ரே, பின்வரிசைக்காரன்,
வாரநாளில் கோதுமை லாரிகளுக்கு எடை போடுகிறவன்,
பதினோரு முறை ஆளை இடுப்போடு சேர்த்துக் கட்டி
மண்ணில் இறக்கிவிட்டான்.
பதினோரு கோடு கிழித்தேன்.
ஒரு ஹாரன் இல்லை.

பன்னிரண்டாவதுதான் சிக்கல்.
எதிரணிப் பையன் தனியாக, கோலுக்கு நாற்பது மீட்டரில்.
நிதானமாய் உதைக்க நேரம் இருந்தது.
பின்னால் சேற்றில்
சளக் சளக்.
டெர்வின் இன்னும் நாலு எட்டு தள்ளித்தான்,
விரல்கூடப் படவில்லை.
ஆனாலும் அந்தக் கழுத்து ஒரு கணம் திரும்பிற்று;
பந்து புறங்காலில் கோணலாய்ப் பட்டு
சைலோ பக்கம் போனது.

இதை எங்கே எழுத?
உதைத்தவன் பெயரில் ஒரு பிழை.
துரத்தியவன் பெயரில் ஒன்றுமே இல்லை.

தாளின் ஓரத்தில், கோட்டைத் தாண்டி,
‘சளக்’ என்று எழுதிவைத்தேன்.
கோச் கேட்டால்
மழை என்று சொல்லிக்கொள்ளலாம்.